கறுப்புப் பூச்சும் காற்றின் வழியும்

கல்லூரியில் கற்ற பாடமொன்று தேர்வு மண்டபத்தில் முழு மதிப்பெண் பெற்றுத் தருவதும், அதே பாடம் வீட்டு வாயிலில் ஓர் எஞ்சினைப் பாழாக்குவதும் நிகழக்கூடும் என்று எவரேனும் சில திங்களுக்கு முன் எம்மிடம் சொல்லியிருப்பின் யாம் நகைத்திருப்போம். இன்று நகைக்க இயலவில்லை. அவ்வாறு நிகழ்ந்ததை யாம் நேரில் கண்டோம். கண்டதோடு அமையாது, அதற்கு உடன்பட்டுத் தலையும் அசைத்தோம். அப்பிழையை ஒளியாது எடுத்துரைத்து, அதனின்றும் யாம் பெற்ற கருத்தை நம் கல்லூரி மாணவர் முன்னும், ஆசிரியப் பெருமக்கள் முன்னும், பழைய மாணவராகிய அன்பர் முன்னும் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காரைக்காலுக்கு மேற்கே, திருநள்ளாற்றுக்கு அணித்தாக உள்ளது அம்பகரத்தூர் என்னும் ஊர். பத்திரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்றது. சனிபகவானை வழிபடக் கறுப்பு ஆடையும் நல்லெண்ணெயும் ஏந்தி வருவோர் திரளும் தலம் அருகிலேயே இருப்பதனால், கறுப்பு நிறம் அப்பக்கத்தார் கண்ணுக்கு மிகவும் பழகிய நிறம். 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இப்பகுதி, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டமாக விளங்குகின்றது. கிழக்கே கடல், ஏனைய புறங்களில் தமிழ்நாட்டு மாவட்டங்கள். காவிரியின் கடைமடை நிலமாதலின் எங்கு நோக்கினும் நெல்வயல். அறுவடைக் காலத்தில் சாலையின்மீதே நெல்லைப் பரப்பி உலர்த்துவர். பதரும் வைக்கோல் தூசியும் அவ்வழியே செல்லும் வண்டிகளின் மீதெல்லாம் படியும். இவ்விவரம் பின்னர் வேண்டப்படும் ஆதலின் ஈண்டுக் குறித்து வைத்தோம்.

சென்ற பொங்கல் விடுமுறையில் அவ்வூரிலுள்ள எம் உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டில் இளைஞர் இருவர். மூத்தவர் காரைக்காலில் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்ப்பவர். நாள்தோறும் சென்று மீளுவதற்காகக் கடன் பெற்று ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். கடனில் ஓராண்டுத் தவணை இன்னும் நிலுவையில் இருந்தது. இளையவர் பௌதிகம் பயிலும் கல்லூரி மாணவர். வண்டியோ நீரால் குளிர்விக்கப்படுவது. சில நாட்களாக அதன் வெப்ப எச்சரிக்கை விளக்கு அவ்வப்போது எரியத் தொடங்கியிருந்தது. தமையனார் கவலையுற, தம்பி அதற்குத் தாமே மருந்து காண முற்பட்டார். யாம் சென்றிருந்த நாளன்று காலையில், வாயிற்புறத்து வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, அதன் ரேடியேட்டரின் மீதும், கீழே அமைந்த சிறிய ஆயில் கூலரின் மீதும் ஸ்ப்ரே டப்பாவினால் கறுப்புப் பெயிண்டை அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கறுப்பு நிறம் வெப்பத்தை நன்கு வெளிவிடும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம் அல்லவா? அண்ணனுடைய வண்டி இனி சூடாகாது, பாருங்கள்" என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைக் கண்டு யாமும் மகிழ்ந்தோம். யாமும் அப்பாடத்தைப் படித்தவரே. "நல்ல யோசனைதான், தம்பி" என்றோம். ஒரு பூச்சு உலர்ந்தபின் மற்றொன்று, அதன்மேல் பிறிதொன்று எனப் பல பூச்சுகள் பூசப்பட்டன. வண்டியும் பார்வைக்குப் புதிது போல் பொலிந்தது.

பங்குனி வெயிலில் ஒருநாள், காரைக்காலிலிருந்து திரும்பும் வழியில் அவ்வண்டி நீராவி கக்கி நின்றது. எச்சரிக்கை விளக்கு எரிவதைக் கண்டும், "தம்பிதான் சரிசெய்துவிட்டானே" என்ற நம்பிக்கையால் தமையனார் சிறிது தூரம் மேலும் ஓட்டியிருந்தார். எஞ்சினின் தலைப்பகுதி வெப்பத்தால் வளைந்து, கேஸ்கட் வெடித்துப்போயிற்று. பழுது பார்க்க ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம் செலவாயிற்று. மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி, அதன் தகட்டிதழ்களின் இடையே ஒரு மெல்லிய குச்சியை விட்டுக் கிளறினார். பதரும் தூசியும் பூச்சியிறகும் பெயிண்டோடு ஒட்டி, அடைபோல் பெயர்ந்து வந்தன. "ஐயா, இந்தச் சந்துகளில் காற்று நுழைய வேண்டும். உள்ளே பதர், மேலே பெயிண்ட். காற்றுக்கு வழியில்லாதபோது கறுப்பு என்ன செய்யும்?" என்றார். தம்பி தலைகுனிந்து நின்றார். யாமும் அவ்வாறே நின்றோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. யாம் கற்றது பொய்யோ? கற்பித்தவர் பிழைத்தாரோ? இவ்வினாக்களை எழுப்பிக்கொண்டு, பழைய பாடத்தை மீண்டும் முறையாக நினைவுகூர்ந்தோம். பாடம் பொய்யன்று, அதில் பாதியையே யாம் கொண்டிருந்தோம் என்பது அப்போது புலனாயிற்று.

ஸ்காத்லாந்து நாட்டு அறிஞர் ஜான் லெஸ்லி என்பார் 1804-ஆம் ஆண்டில் வெப்பத்தைப் பற்றிய தம் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். உலோகத்தாலான கனசதுரப் பெட்டியொன்றில் வெந்நீரை நிரப்பி, அதன் பக்கங்களை வெவ்வேறு வகையாக அமைத்து, ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு வெப்பத்தைக் கதிராக வீசுகின்றது என்று அவர் அளந்தார். விளக்குப்புகைக் கரி பூசிய பக்கத்தின் கதிர்வீச்சை 100 எனக் கொண்டால், பளபளக்கும் தகரத் தகட்டின் கதிர்வீச்சு 12 அளவினதே எனக் கண்டார். இவ்வளவும் மாணவர் பலர் அறிந்ததே. ஆனால் அவர் அட்டவணையில் மற்றோர் எண்ணும் உண்டு. எழுதும் வெள்ளைத் தாள் ஒட்டிய பக்கத்துக்கு அவர் கண்ட அளவு 98! அஃதாவது, கரிக்கும் வெள்ளைத் தாளுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. வெந்நீரின் வெப்பநிலையில் உள்ள பொருள் வீசும் கதிர்கள் நம் கண்ணுக்குத் தெரியாதவை; கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் கொண்டு அவற்றின் அளவை முடிவு செய்தல் தகாது. பளபளக்கும் உலோகம் எதிர், பூச்சுள்ள மேற்பரப்பு எதிர் என்பதே அச்சோதனை காட்டிய உண்மை. கறுப்பு எதிர், வெளுப்பு எதிர் என்பது அன்று. இன்று வானவெளியில் சுழலும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெப்பம் போக்கும் பலகைகள் வெள்ளை நிறத்தன. காற்றே இல்லாத அவ்விடத்தில் கதிர்வீச்சு ஒன்றே வெப்பம் வெளியேறும் வழி. ஆயினும் அங்கு வெள்ளையைத் தேர்ந்தனர். என்னை? வெள்ளைப் பூச்சு வெப்பக் கதிரைக் கறுப்பைப் போலவே வீசும். ஞாயிற்றின் ஒளியையோ கறுப்பைப் போல் விழுங்காது.

நிற்க. கதிர்வீச்சின் அளவுதான் எவ்வளவு என்று காண்போம். 1879-இல் ஸ்டெஃபான் கண்டறிந்து, 1884-இல் போல்ட்ஸ்மான் நிறுவிய விதியின்படி கணக்கிடின், 90 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள முழுக் கறுப்புப் பரப்பு, 35 பாகையுள்ள சுற்றுப்புறத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 470 வாட் வெப்பத்தை இழக்கும். சிறிய மோட்டார் சைக்கிளின் ரேடியேட்டரை 20 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உடையதாகக் கொள்வோம். முன்புறமும் பின்புறமும் சேர்ந்து 0.06 சதுர மீட்டர். ஆகவே கதிர்வீச்சால் போகும் வெப்பம் மிகுந்த அளவில் 28 வாட். எஞ்சின் உழைக்கும்போது ரேடியேட்டர் வெளியேற்ற வேண்டிய வெப்பமோ சில ஆயிரம் வாட். 3,000 வாட் என்றே வைத்துக்கொண்டாலும், கதிர்வீச்சின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. கறுப்புப் பூச்சினால் புதிதாகக் கிடைக்கும் ஆதாயம் அதனினும் குறைவு. தகட்டிதழ்களின் இடைவெளிகள் ஆழ்ந்த சிறு குகைகள் போன்றவை. குகையின் வாயில் கறுத்துத் தோன்றுவது போல், அவ்விடைவெளிகளும் பூச்சில்லாமலே கதிர்வீச்சில் கரிய பொருளை நெருங்கி நிற்பவை. உள்ளே எதிரெதிராக உள்ள தகடுகள் ஒன்றன் கதிரை மற்றொன்று ஏற்பதனால், அவற்றின் மேல் கறுப்புப் பூசியும் பயனில்லை. இன்னுமொன்று: நேர் வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஞாயிற்றின் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். அவ்வெயில் அந்த ரேடியேட்டரின் முன்புறத்தில் நேராக விழுந்தால், 30 வாட்டுக்கு அண்மையான வெப்பம் உள்ளே வரும். கறுப்பு ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் வாங்கிக்கொள்ளும் என்பது இதனால் விளங்கும்.

எனில், எஞ்சிய வெப்பமெல்லாம் எவ்வழியே போகின்றது? காற்றின் வழியே. ரேடியேட்டர் என்னும் பெயரே நம்மை மயக்குகின்றது. கதிர்வீசி என்று பொருள்படும் அப்பெயரைத் தாங்கிய அக்கருவி, உண்மையில் காற்றுக்கு வெப்பத்தைக் கைம்மாற்றும் கருவியே. 1901-இல் வெளிவந்த மெர்ஸிடிஸ் 35 குதிரைத்திறன் மோட்டார் வண்டிக்கு வில்ஹெல்ம் மைபாக் அமைத்த தேன்கூட்டு ரேடியேட்டரை நோக்குக. அதில் 8,070 சிறிய சதுரக் குழல்கள் இருந்தன. அவற்றினூடே காற்றுச் செல்ல, அவற்றைச் சுற்றி நீர் ஓடிற்று. அத்தனை குழல்களும் எதற்காக? காற்று உரசிச் செல்லும் பரப்பைப் பெருக்குவதற்காகவே. இன்றைய மோட்டார் சைக்கிளில் உள்ள அலுமினியத் தட்டைக் குழல்களும், அவற்றின் இடையே மடித்து வைத்த மெல்லிய தகட்டிதழ்களும் அக்கருத்தின் வழிவந்தவையே.

நம் நாட்டு வண்டிகளைக் கண்டாலும் இதுவே தெளிவாகும். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டியில் ரேடியேட்டரும் இல்லை. ஆயில் கூலரும் இல்லை. சிலிண்டரைச் சுற்றிய தகட்டு வரிசையின்மேல் வீசும் காற்றே அதற்குக் குளிர்ச்சி. அப்பெயர் வழிவந்த 650 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டிகள் 2018-இல் வெளிவந்தபோது அவற்றில் ஆயில் கூலர் அமைந்தது. 2023-இல் வந்த ஹிமாலயன் 450 வண்டியில் நீரோடும் ரேடியேட்டரே இடம்பெற்றது. எஞ்சினின் வெப்பத்தை ஏந்திச் செல்வது எண்ணெயாயினும் ஆகுக, நீராயினும் ஆகுக. ஈற்றில் அதைப் பெற்றுக்கொள்வது காற்று ஒன்றே. ஆயில் கூலருக்கும் இவ்விதி பொதுவாதலின், அதன்மேல் கறுப்புப் பூசுவதன் பயனும் அவ்வளவினதே.

"அப்படியாயின் தொழிற்சாலையிலிருந்தே பல ரேடியேட்டர்கள் கறுப்பாக வருவானேன்?" என்று வினவுவோர் உளர். நல்ல வினாவே. முதலாவது, தோற்றம்: வெள்ளி போல் மின்னும் உலோகம் வண்டியின் முன்புறத்தில் கண்ணை உறுத்தாதிருத்தல். இரண்டாவது, காப்பு: சாலையில் தெறிக்கும் சேற்றுநீரும், எம் காரைக்கால் போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் அலுமினியத்தை அரியாதபடி ஒரு மெல்லிய போர்வை. தொழிற்சாலையில் இடும் அப்பூச்சு மிக மெல்லியது; அது சீராகப் படியுமாறு புத்தம்புதிய, தூய உலோகத்தின் மேல் இடப்படுவது. ஒரு மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு கனமுள்ள பூச்சு வெப்பத்தைத் தடுப்பது சிறிதே. அப்பூச்சே ஐந்தாறு அடுக்காகி, ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள இடைவெளிகளை அடைக்கத் தொடங்கினால், அதனால் விளையும் தீங்கு பெரிது. ஆதலின் பூசுவோரை யாம் முற்றும் பழிப்பேம் அல்லேம். அழகுக்காகவோ அரிப்பைத் தடுப்பதற்காகவோ பூச விரும்புவோர், ரேடியேட்டரைக் கழற்றி, கழுவி, நன்கு உலர்த்தி, வெப்பம் தாங்கும் பெயிண்டை ஒரே மெல்லிய பூச்சாக இடுக. எதிர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒவ்வோர் இடைவெளியிலும் ஒளி ஊடுருவுகின்றதா என்று காண்க. அழகுக்காகப் பூசுகின்றோம் என்று வெளிப்படையாகச் சொல்லிப் பூசுதல் குற்றமன்று. குளிர்ச்சிக்காகப் பூசுகின்றோம் என்று தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளுதலே குற்றம். அவ்வேமாற்றம் உண்மையான நோயைத் தேடவிடாது தடுக்கும். அத்தமையனாருடைய வண்டியில் நிகழ்ந்தது இதுவே: பூச்சு கெடுத்தது ஒரு பங்கு; பூச்சின்மேல் வைத்த நம்பிக்கை கெடுத்தது மூன்று பங்கு.

வண்டி சூடானால் உண்மையில் செய்யத்தக்கவை எளியவை. தகட்டிதழ்களில் அடைந்த பதரையும் சேற்றையும் பின்புறத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரையால் கழுவி நீக்குதல் முதல் வேலை. விசையுடன் பீறிடும் நீரை நேரே செலுத்தினால் இதழ்கள் மடிந்து வழியை மேலும் அடைத்துவிடும். அடுத்து, கூலண்ட் உரிய அளவில் உள்ளதா, விசிறி சுழல்கின்றதா, தெர்மோஸ்டாட் திறக்கின்றதா என்று பார்த்தல். கூலண்டுடன் கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீரையே கொள்ளுதல் வேண்டும். கடற்கரைக் கிணற்றின் உவர்நீரை ஊற்றினால் குழல்களின் உள்ளே உப்புப் படிந்து அடைப்பு உண்டாகும். இன்னுமொன்றை மாணவர் மறவாதிருப்பாராக. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவற்க! மூடியின் கீழே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு மிகையழுத்தம் இருப்பதனால், 100 பாகையைக் கடந்தும் நீர் கொதியாமல் அடங்கியிருக்கும்; திறந்த நொடியில் ஆவியாகப் பொங்கி முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். மேற்சொன்ன மருந்துகளில் ஒன்றேனும் பார்வைக்கு அழகு தருவதில்லை. எவரும் கண்டு வியப்பதும் இல்லை. அதனாலேயே இளைஞர் மனம் அவற்றைவிட ஸ்ப்ரே டப்பாவின்மேல் விரைந்து செல்கின்றது போலும்.

ஈண்டு யாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். அப்பழமொழி கேட்டுக் கல்வியையே இகழ்வாரோடு எமக்கு உடன்பாடில்லை. ஏட்டுச் சுரைக்காய் உதவாதது அது ஏட்டில் இருப்பதால் அன்று. அதன் எடை என்ன என்று நாம் கேளாததால். "கறுப்பு நன்கு கதிர்வீசும்" என்ற வாக்கியம் மெய். ஆயின் "எவ்வளவு? மற்ற வழிகளோடு ஒப்பிட எத்துணைப் பங்கு?" என்ற வினாவோடு சேராத வாக்கியம் அரைமெய்யே. பொய்யனை நாம் எளிதில் ஐயுறுவோம், அரைமெய்யையோ ஐயுறுவதில்லை. அம்மெக்கானிக் ஸ்டெஃபான் விதியை அறியார். ஆயினும் எவ்வழியே வெப்பம் பெரிதும் போகின்றது என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார். யாமோ விதியை அறிந்தும், அதில் எண்களை இட்டுப் பார்க்கும் சிறு உழைப்பை மேற்கொண்டிலேம். அவ்வுழைப்புக்குக் கால் மணி நேரமே வேண்டும். அதைச் செய்யாததன் விலை, கடன் தீராத ஒருவருடைய இரண்டு மாத ஊதியம்.

ஆகவே நம் கல்லூரிப் பௌதிகத் துறையினருக்கு ஒரு வேண்டுகோள். லெஸ்லியின் சோதனையைக் காட்டும் நாளில் பிறிதொரு சிறு சோதனையையும் உடன் காட்டுக. ஒரே அளவான தகரப் பாத்திரங்கள் இரண்டில், ஒன்றைத் துலக்கியும் ஒன்றைக் கரிபூசியும் வைத்து, வெந்நீர் நிரப்பி, 90 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஆறும் நேரத்தைக் குறிக்கச் செய்க. முதலில் காற்றசையாத அறையில். பின்னர் மேசை விசிறியின் முன். அசையாத காற்றில் கறுப்புப் பாத்திரம் தெளிவாக முந்தும். விசிறியின் முன் இரண்டுமே விரைந்து ஆறும். அவற்றின் வேறுபாடோ குறுகிவிடும். ஒரு விசிறியும் இரண்டு தகரப் பாத்திரங்களும் கற்பிக்கும் அப்பாடத்தை மாணவர் எந்நாளும் மறவார். பழைய மாணவருள் பட்டறையும் தொழிற்கூடமும் நடத்துவோர் ஆண்டுக்கொரு முறையேனும் வந்து, தாம் கைகளால் அறிந்ததை நம் மாணவர்க்கு எடுத்துரைப்பாராயின், அதுவும் பெரும்பேறாகும்.

அவ்விளைஞர் இப்போது விடுமுறைதோறும் தம் தமையனாரின் வண்டியைத் தாமே கழுவுகின்றார். புதிய ரேடியேட்டருக்குப் பெயிண்ட் பூசவில்லை. சென்ற முறை யாம் அம்பகரத்தூர் சென்றபோது, அதனை ஒளிக்கு எதிரே பிடித்து இதழ் இதழாக நோக்கிக்கொண்டிருந்தார். "மாமா, எல்லாச் சந்திலும் வெளிச்சம் வருகிறது" என்றார். இம்முறை யாம் உடனே தலையசைத்துவிடவில்லை. அருகே சென்று, குனிந்து, யாமும் பார்த்தோம், வெளிச்சம் வந்தது.